படிகாரமா, மோர் உப்பா? வளர்க்க ஒன்று, அமைப்பறிய இன்னொன்று

இரட்டை உப்புப் படிகம் (இரண்டு உலோக அயனிகளோ, ஓர் உலோகமும் அம்மோனியமுமோ சேர்ந்த உப்பு) வளர்க்க நினைப்பவர்களுக்கு எளிதில் கிடைப்பவை இரண்டு. ஒன்று நாட்டுமருந்துக் கடைப் படிகாரம்: பொட்டாசியம், அலுமினியம், 12 நீர் மூலக்கூறுகள். மற்றது, பள்ளி ஆய்வகத்தில் பெர்மாங்கனேட் கரைசலின் செறிவைச் சரிபார்க்க வைத்திருக்கும் மோர் உப்பு: அம்மோனியம், இரும்பு, 6 நீர். இரண்டும் சல்பேட்டுகள்தான். குணம் வேறு.

வளர்ப்பதில் படிகாரத்தை அடிக்க ஆளில்லை. 100 மி.லி. நீரில் 20 பாகை செல்சியஸில் சுமார் 11 கிராம் கரையும். 60 பாகையில் 50 கிராமைத் தாண்டும். ஆறவிட்டாலே விதைப் படிகங்கள் விழுந்துவிடும். அவற்றில் பழுதில்லாத ஒன்றைத் தூண்டில் நரம்பில் கட்டி, வடிகட்டிய தெவிட்டிய கரைசலில் (இனிமேல் கரையாத அளவுக்குப் படிகாரம் கரைந்தது) தொங்கவிட்டால் எண்முகியாகத் திரளும். கரைசல் வெதுவெதுப்பாக இருந்தால் மட்டும் விதையே கரைந்துபோகும். ஊதா நிறக் குரோம் படிகாரத்தை (அலுமினியத்தின் இடத்தில் குரோமியம்) விதையாக்கி அதன்மேல் சாதாரணப் படிகாரத்தை வளர்க்கலாம். கண்ணாடிக்குள் ஊதாக்கல் பதித்ததுபோல் இருக்கும்.

மோர் உப்பு கொஞ்சம் சண்டி. கரைசலில் உள்ள இரும்பு காற்றுப்பட்டு ஆக்சிஜனேற்றமடையும், இளம்பச்சை மஞ்சளாகும். நீர்த்த கந்தக அமிலம் சில துளிகள் விடாமல் தொடங்கவே கூடாது.

எக்ஸ் கதிரைப் பாய்ச்சி, அது சிதறும் விதத்திலிருந்து படிகத்தின் உள்ளமைப்பை அறியும் வேலைக்கு வந்தால் கணக்கு மாறுகிறது. படிகாரத்தின் அலகுக்கூடு (திரும்பத் திரும்ப அடுக்கினால் படிகமாகும் சிறு கூறு) கனசதுரம், பக்கம் 12.16 ஆங்ஸ்ட்ராம் (ஒரு ஆங்ஸ்ட்ராம் மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு). பொடியில் எடுத்த கோடுகளே போதும், பக்கநீளம் கிடைத்துவிடும். அடர்த்தி க.செ.மீ.க்கு 1.75 கிராம் என்று வைத்துக் கணக்கிட்டால் ஒரு கூட்டில் 4 வாய்பாட்டு அலகுகள் (வாய்பாட்டில் உள்ள அணுக்களின் தொகுதி) என்பதும் வந்துவிடும். மோர் உப்பு ஒற்றைச்சரிவு வகை: கூட்டின் ஒரு கோணம் மட்டும் செங்கோணமல்ல. மூன்று நீளங்களும் 107 பாகையை ஒட்டிய ஒரு கோணமும் வேண்டும். பொடியில் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். ஒற்றைப் படிகம்தான் வழி.

ஆனால் அணுக்களின் இடத்தைத் தேடும்போது மோர் உப்பே நேர்மையானது. சமச்சீர் மையத்தில் இரும்பு, சுற்றிலும் ஆறு நீர், குழப்பமில்லை. பொட்டாசியம் படிகாரத்திலோ சல்பேட்டுகளில் ஒரு பங்கு தலைகீழாகத் திரும்பி நிற்கிறது. சமச்சீர் கூடுதல் என்று நம்பி இறங்குகிறவர் இங்கேதான் தடுமாறுவார்.

வரலாற்றில் படிகாரத்துக்கே பெருமை. பொட்டாசியத்தின் இடத்தில் ருபீடியமோ தாலியமோ வந்தாலும் கட்டமைப்பு மாறாது, சிதறிவரும் எக்ஸ் கதிர்களின் செறிவு மட்டும் மாறும். 1927இல் இயற்பியலாளர் கார்க் அந்த வேறுபாட்டைக் கொண்டே அணுக்களின் இடத்தைத் தேடினார். 1950களில் அறிவியலாளர் மாக்ஸ் பெருட்ஸ் இரத்தப் புரதமான ஹீமோகுளோபினுக்குக் கையாண்டதும் இதே உத்திதான்.

எதை எடுத்தாலும் ஹைட்ரஜன் எக்ஸ் கதிருக்குச் சரியாகப் பிடிபடாது. அதற்கு நியூட்ரான் வேண்டும். பொடிக்கு மெதுவாக அரையுங்கள், சூட்டில் காயவைக்காதீர்கள். படிகாரம் 92 பாகை செல்சியஸிலேயே தன் படிகநீரில் (படிகத்துக்குள் இருக்கும் நீரில்) உருகிவிடும்.