ஊருக்குப் போய் பிரெஸ்ட் லிஃப்ட்: லீவு நாட்கள் எங்கே போகும்?

ஊருக்குப் போனால் பல் டாக்டரைப் பார்ப்பது, கண்ணாடி மாற்றுவது என்று வெளிநாட்டில் இருக்கும் நம் எல்லோருக்கும் ஒரு பட்டியல் இருக்கும். அதில் பிரெஸ்ட் லிஃப்ட்டையும், அதாவது தொய்ந்த மார்பகத்தை மேலே ஏற்றும் ஆபரேஷனையும், சேர்க்கலாமா என்று யோசிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் செய்துகொண்டேன், திருப்திதான். ஆனால் லீவுக்கு நடுவில் செருகிவிடக்கூடிய வேலை இல்லை இது. ஆபரேஷன் இரண்டு மூன்று மணி நேரத்தில் முடிந்துவிடும். லீவைத் தின்பது அதற்குப் பிறகு வரும் வாரங்கள்தான்.

கிளம்புவதற்கு முன்பே வீடியோவில் இரண்டு டாக்டர்களிடம் பேசினேன். ஒருவர் பத்து நிமிடத்தில் தேதியைச் சொல்லி முன்பணம் கேட்டார். அப்படியே விட்டுவிட்டேன். இன்னொருவர் கேள்வி மேல் கேள்வி கேட்டார்: தாய்ப்பால் நிறுத்தி எவ்வளவு காலம் ஆச்சு, எடை ஏறி இறங்குகிறதா, இன்னொரு குழந்தை யோசனை உண்டா, சிகரெட் பழக்கம் இருக்கா, காயம்பட்ட இடம் தடித்துக்கொள்ளும் உடம்பா? ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு. மறுபடி கர்ப்பமானாலோ எடை வெகுவாக மாறினாலோ மார்பகம் திரும்பவும் தொய்யலாம். நிகோட்டின் ரத்த ஓட்டத்தைக் குறைப்பதால் காம்புப் பகுதித் திசு செத்துப்போகும் ஆபத்து கூடும். அதனால் முன்னும் பின்னும் சில வாரங்களுக்குப் புகையே கூடாது.

தொய்வு எவ்வளவு என்பதைப் பொறுத்துத்தான் வெட்டு. லேசாக இருந்தால் காம்பைச் சுற்றியுள்ள கருவட்டத்தின் ஓரத்தில் மட்டும். கொஞ்சம் கூடினால் அங்கிருந்து கீழே ஒரு நேர்கோடு. அதிகமென்றால் மார்பகத்தின் அடி மடிப்பிலும் ஒரு கோடு சேரும், நங்கூர வடிவில். எனக்கு இந்த மூன்றாவதுதான். ஒன்றைத் தெளிவாகத் தெரிந்துகொள்ளுங்கள்: லிஃப்ட் மார்பகத்தை மேலே ஏற்றும், வடிவம் கொடுக்கும், பெரிதாக்காது. மேல்பகுதி நிறைவாக வேண்டுமென்றால் இம்பிளாண்ட் (மார்பகத்துக்குள் வைக்கும் செயற்கைப் பை) பற்றித் தனியாகப் பேச வேண்டும்.

ஊரில் இறங்கிய முதல் நாட்கள் நேரடிப் பரிசோதனை, ரத்தப் பரிசோதனை, மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) என்றே போயின. ஆபரேஷன் அன்று காலை என்னை உட்கார வைத்து மார்க்கர் பேனாவால் கோடு போட்டார்கள். படுத்தால் மார்பகம் இடம் மாறிவிடும் என்பதால், மயக்க மருந்துக்கு முன்பே இதை முடித்துவிடுகிறார்கள். கண் விழித்தபோது வலியைவிட இறுக்கம்தான் அதிகமாகத் தெரிந்தது. மாத்திரையில் அடங்கிவிட்டது.

முதல் வாரம் கையைத் தோளுக்கு மேல் தூக்கக் கூடாது. தலை வாருவதற்குக்கூட ஆள் வேண்டும். முன்பக்கம் திறக்கும் உடைகளை முன்பே எடுத்து வையுங்கள். சர்ஜிக்கல் பிராவை இரவும் பகலும் சில வாரங்கள் போட்டே ஆக வேண்டும். தூக்கம் மல்லாந்துதான், முதுகுக்குத் தலையணை வைத்துச் சற்று சாய்ந்தபடி. குப்புறப் படுத்தே பழகிய எனக்கு இதுதான் பெரிய தண்டனை. "என்ன ஆச்சு?" என்று கேட்பவர்களுக்குச் சொல்ல ஒரு பதிலையும் தயாராக வைத்துக்கொள்ளுங்கள், உண்மையைச் சொல்வதும் சொல்லாததும் உங்கள் இஷ்டம்.

உட்கார்ந்து பார்க்கும் வேலைக்கு ஒன்றிரண்டு வாரத்தில் பலர் திரும்பிவிடுகிறார்கள். கனம் தூக்குவதும் கடினமான உடற்பயிற்சியும் நான்கு முதல் ஆறு வாரம் வரை கூடாது. அப்போ சூட்கேஸ்? நம் ஆட்கள் இதைத்தான் மறந்துவிடுகிறோம். திரும்பும்போது பெட்டியை இழுக்கவும், கைப்பையை மேலே வைக்கவும் ஆள் வேண்டும். நான் விமான நிலையத்தில் உதவி கேட்டு முன்பே பதிந்துவிட்டேன்.

நீண்ட விமானப் பயணத்தில் இன்னொரு கவலை, காலில் ரத்தம் உறைவது. ஆபரேஷனும் மணிக்கணக்கில் உட்காருவதும் சேர்ந்தால் அந்த ஆபத்து கூடும். அதனால் டிக்கெட்டை டாக்டர் அனுமதிக்கும் நாளைப் பார்த்துப் போடுங்கள், டிக்கெட்டுக்காக டாக்டரை அவசரப்படுத்தாதீர்கள். ஆபரேஷனை லீவின் தொடக்கத்திலேயே வைப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. தையல் கோடுகள் சேரும் இடத்தில் எனக்குப் புண் லேசாகத் திறந்துகொண்டது. நங்கூர வெட்டில் இது அடிக்கடி நடப்பதுதான் என்று டாக்டர் சொன்னார், டிரெஸ்ஸிங்கிலேயே ஆறியது. அப்போது ஊரிலேயே இருந்ததால் பதற்றமில்லை. விமானம் ஏறிய பிறகு நடந்திருந்தால், வேறொருவர் செய்த ஆபரேஷனைத் தொடவே சில டாக்டர்கள் தயங்குவார்கள். சாதாரணப் பயணக் காப்பீடும் பெரும்பாலும் இதற்கு உதவாது. ஆகவே ஆபரேஷன் குறிப்பு, டிஸ்சார்ஜ் சம்மரி, மருந்துகளின் பெயர் எல்லாவற்றையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். காய்ச்சல், ஒரு பக்கம் மட்டும் திடீர் வீக்கம், கெண்டைக்கால் வலி, மூச்சுத் திணறல் இவற்றில் எது வந்தாலும் காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

முதலில் கண்ணாடியில் பார்த்தால் மார்பகம் அளவுக்கு மேல் உயர்ந்து, அடிப்பகுதி தட்டையாகத் தெரியும். வீக்கம் வடிந்து வடிவம் படிய மாதங்கள் ஆகும். காம்பில் மரத்துப்போன உணர்வு பலருக்கு மெல்லத் திரும்பும், சிலருக்குத் திரும்பாமலும் போகலாம். தழும்பு நிறம் மங்க ஒரு வருடத்துக்கு மேல் எடுக்கும், முழுசாக மறையாது. கருநிறத் தோலில் தடித்த தழும்புக்கு வாய்ப்பு அதிகம் என்பதால், புண் முழுதும் ஆறியதும் சிலிகோன் ஷீட் ஒட்டச் சொன்னார்கள். அடுத்த மேமோகிராமுக்குப் போகும்போது இந்த ஆபரேஷனைப் பற்றி மறக்காமல் சொல்லிவிடுங்கள், உள்ளே இருக்கும் தழும்பும் படத்தில் தெரியும்.