வன்னியில் மனநல மீட்சி: கிளினிக், உளவளத்துணை, சகபாடித் துணை

மனநோயிலிருந்து மீள்பவர் நாடக்கூடிய துணைகள் மூன்று: வைத்தியசாலையின் மாதாந்தக் கிளினிக், பயிற்சி பெற்றவர் வழங்கும் உளவளத்துணை, அதே நோயைக் கடந்து வந்தவர்கள் தரும் சகபாடித் துணை.

காதில் குரல் கேட்பவருக்கும் உயிரை மாய்க்க நினைப்பவருக்கும் முதலில் வேண்டியவர் மருத்துவரே. இதில் மாற்றுக் கருத்துக்கு இடமில்லை. ஆனால் ஒட்டுசுட்டானுக்கு அப்பாலுள்ள கிராமமொன்றிலிருந்து முல்லைத்தீவுக்கு வருபவர், அன்றைய கூலியை இழந்து, பஸ்ஸுக்கும் வரிசைக்கும் காத்திருந்து, மருத்துவரைச் சந்திப்பது சில நிமிடங்களே. குளிசையால் வரும் தூக்கத்தையும் கைநடுக்கத்தையும் வீட்டில் தனியே தாங்க முடியாமல், எவரிடமும் சொல்லாமல் அதை நிறுத்திவிடுபவர்கள் பலர். அந்த வேளையில், "எனக்கும் துவக்கத்தில இப்பிடித்தான் இருந்தது, நிப்பாட்டிப் போடாதேங்கோ, டொக்டரிட்டச் சொல்லுவம், நானும் வாறன்" என்று அதே குளிசையை விழுங்கிய அக்கா ஒருவர் சொல்வது, எந்தத் துண்டுப்பிரசுரத்தையும்விட ஆழமாகப் பதியும்.

இதற்குச் சான்றும் உண்டு. 2018இல் 'லான்செட்' இதழில் வெளியான, இங்கிலாந்தில் 441 பேரிடம் நடந்த ஆய்வில், நெருக்கடிக்காலச் சிகிச்சைக்குப் பின் சகபாடித் துணையாளருடன் மீட்சிக் கையேட்டைப் பயன்படுத்தியோரில் 29 வீதமானோரும், கையேட்டை மட்டும் தபாலில் பெற்றோரில் 38 வீதமானோரும் ஓராண்டுக்குள் மீண்டும் நெருக்கடிக்கால மனநலச் சிகிச்சைக்குத் திரும்பினர்.

உளவளத்துணையின் பலம் இரகசியம் காப்பது. எல்லோரும் உறவினராக இருக்கும் ஊரில், சகபாடியிடம் சொன்னது கிணற்றடிக் கதையாகிவிடும் என்ற அச்சம் நியாயமானது; குடும்ப வன்முறை போன்றவற்றை உளவளத்துணையாளரிடம் சொல்வதே பாதுகாப்பு. ஆனால் காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மாருக்கு இந்தக் கணக்கு மாறுகிறது. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சி கந்தசுவாமி கோவில் முன்றலில் அவர்கள் தொடங்கியது நீதிக்கான போராட்டம். அதைச் சிகிச்சை என்று அழைப்பது அவர்களைச் சிறுமைப்படுத்துவதாகும். ஆயினும் "இனி மறந்துவிடுங்கள்" என்று எவரும் சொல்லாத இடம் அவர்களுக்கு மற்றத் தாய்மாரின் பக்கத்திலேயே கிடைக்கிறது.

ஆகவே கிளினிக்குக்குப் பதிலாகச் சகபாடிகளை நிறுத்துவதை நான் ஏற்கமாட்டேன். கிளினிக்கோடு இணைத்து, இரகசியம் காக்கும் பயிற்சியும், அவர்களுடைய பழைய காயம் கிளறப்படும்போது ஆறுதல் தேட ஓர் இடமும், பஸ் காசோடு மாதக் கொடுப்பனவும் தந்து அவர்களை நியமிக்க வேண்டும் என்பேன். இவற்றுள் கொடுப்பனவுதான் முதலில் வெட்டப்படும். வெட்டினால் அந்த அக்கா கூலி வேலைக்கே திரும்பிப் போவார்.