எலிகளுக்கான ஏ.ஐ.என்-93ஜி தீவனம்: எட்டு வாரப் பயன்பாட்டில் கண்டவை

எங்கள் துறையின் விலங்குக்கூடத்தில் விஸ்டார் என்ற ஆய்வக வகை எலிகளுக்குப் பல ஆண்டுகளாகத் தானியத்தால் செய்த பெல்லட் தீவனத்தையே போட்டு வந்தோம். கொழுப்பு மிகுந்த உணவு கல்லீரலை என்ன செய்கிறது என்று பார்க்கும் ஆய்வு தொடங்கியபோதுதான், ஒப்பீட்டுக் குழுவில் இருந்த பால்மறந்த குட்டிகளுக்கு ஏ.ஐ.என்-93ஜி தீவனத்தை வாங்கினோம். இது ஒரு நிறுவனத்தின் தனிச்சரக்கு அன்று. அமெரிக்க ஊட்டச்சத்துக் கழகம் (ஏ.ஐ.என்) 1993-இல் வெளியிட்ட சூத்திரம். அதைப் பின்பற்றிப் பலர் தயாரித்து விற்கிறார்கள்.

தானியத் தீவனத்தைக் கைவிட எங்களுக்குக் காரணம் இருந்தது. ஒருமுறை ஒரு தொகுதி தீர்ந்து அடுத்த தொகுதி வந்தபோது நிறமும் மணமும் மாறியிருந்தன. எலிகள் அந்த வாரம் தின்ற அளவும் குறைந்தது. பையின் மேல் புரதமும் கொழுப்பும் குறைந்தபட்சம் எவ்வளவு என்று மட்டுமே அச்சிட்டிருந்ததால், உள்ளே எந்தப் பொருள் எவ்வளவு மாறியது என்று கண்டுபிடிக்க வழியே இல்லை. சோயா சேர்ந்த தீவனமாக இருந்தால் அதிலுள்ள ஈஸ்ட்ரோஜன் போன்ற தாவரப் பொருள்களின் அளவும் தொகுதிக்குத் தொகுதி ஏறி இறங்கும். ஹார்மோன் ஆய்வு செய்பவருக்கு இது சிறிய விஷயம் அன்று.

ஏ.ஐ.என்-93ஜி தீவனத்தில் அந்தக் கவலை இல்லை. ஒரு கிலோவில் மக்காச்சோள மாவுச்சத்து ஏறத்தாழ 397 கிராம், கேசின் என்ற பால் புரதம் 200, டெக்ஸ்ட்ரின் ஆக்கிய மாவுச்சத்து 132, சர்க்கரை 100, சோயா எண்ணெய் 70, செல்லுலோஸ் 50, தாதுக் கலவை 35, வைட்டமின் கலவை 10 கிராம், இவற்றோடு சிறிதளவு சிஸ்டினும் கோலினும் என எல்லாமே வெளிப்படையாக எழுதப்பட்டிருக்கின்றன. இதற்கு முன் 1977-இல் வந்த ஏ.ஐ.என்-76 சூத்திரத்தில் சர்க்கரை மட்டுமே பாதி இருந்தது. அதைத் தின்ற பெண் எலிகளின் சிறுநீரகத்தில் கால்சியம் படிந்தது. வைட்டமின் கே போதாமல் இரத்தக் கசிவும் ஏற்பட்டது. அந்தக் குறைகளைப் பார்த்துத்தான் 1993-இல் சர்க்கரையைக் குறைத்து, கால்சியத்துக்கும் பாஸ்பரசுக்கும் உள்ள விகிதத்தை உயர்த்தி, லினோலெனிக் அமிலம் என்ற இன்றியமையாத கொழுப்பு அமிலம் கிடைப்பதற்காக மக்காச்சோள எண்ணெய்க்குப் பதில் சோயா எண்ணெயைச் சேர்த்தார்கள். தவறிய இடத்தைத் திருத்திக்கொண்ட சூத்திரம் என்பதே எனக்கு இதன் மேல் பெரிய நம்பிக்கையைத் தருகிறது.

முதல் சில நாள்களில் கூண்டின் தீவனத் தட்டில் மிச்சம் கிடந்ததைக் கண்டு எங்கள் கூடத்துப் பணியாளர் எலிகளுக்கு உடம்புக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பதறினார். ஒரு கிராம் தானியத் தீவனம் 3 கிலோகலோரி அளவுக்கே தர, இது ஏறத்தாழ 4 தருவதால், எடையளவில் குறைவாகவே அவற்றுக்குப் போதும்; எலிகள் சீராக எடை கூடின. ஆனால் பெல்லட் உறுதியாக இல்லை என்பது உண்மையான குறை. தின்னும்போது பொடியாகி உமிப் படுக்கையில் விழுந்துவிடுகிறது; அதைச் சலித்து எடுத்து எடை போடாவிட்டால், எலி தின்ற அளவை உள்ளதைவிட அதிகமாகக் கணக்கிட்டுவிடுவோம். நாள்தோறும் இந்த வேலைக்கு நேரம் ஒதுக்க வேண்டும்.

அதைவிடப் பெரிய குறை நார்ச்சத்தில் இருக்கிறது. இதிலுள்ள செல்லுலோசைக் குடல் நுண்ணுயிரிகளால் அதிகம் நொதிக்கச் செய்ய முடியாது. எட்டாவது வார முடிவில் அறுத்துப் பார்த்தபோது, தானியத் தீவனம் தின்று வளர்ந்த எலிகளோடு ஒப்பிட, பெருங்குடல் தொடக்கப் பை கண்ணுக்குத் தெரியும்படி சிறுத்திருந்தது. குடல் நுண்ணுயிர் ஆய்வு செய்பவர்கள் இதை வாங்குமுன் ஒருமுறைக்கு இருமுறை யோசிக்க வேண்டும்.

இதனால்தான் ஒரு குழுவுக்குக் கொழுப்பு மிகுந்த தூய தீவனமும் (இதைப்போலப் பிரித்தெடுத்த கூறுகளைக் கலந்து செய்தது) ஒப்பீட்டுக் குழுவுக்குத் தானியத் தீவனமும் போடுவதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். அப்படிச் செய்தால் கொழுப்போடு நார், சர்க்கரை, தாவரப் பொருள்கள் எல்லாம் சேர்ந்து மாறிவிடுகின்றன. கிடைக்கும் வேறுபாட்டை எதன் மேல் ஏற்றுவது? கொழுப்புத் தீவனம் எந்தக் கூறுகளால் ஆனதோ, அதே கூறுகளாலான ஒப்பீட்டுத் தீவனத்தையும் அதே இடத்தில் ஒரே நேரத்தில் வாங்குங்கள்.

விலை தானியத் தீவனத்தைப் போலப் பல மடங்கு. குளிர்பதனப் பெட்டியில் 4 டிகிரியில் வைக்க வேண்டும். ஆட்டோகிளேவ் என்ற அழுத்த நீராவிக் கலத்தில் வைத்தால் பழுப்பேறிக் கெட்டியாகிவிடும் என்பதால் கதிர்வீச்சால் நுண்ணுயிர் நீக்கியதைக் கேட்டு வாங்குவதே நல்லது. வளர்ந்த எலிகளை நெடுநாள் வைத்திருப்பவர்களுக்குக் கேசினும் எண்ணெயும் குறைந்த 93எம் வகையே பொருந்தும். அதே கூடத்தில் கினிப்பன்றி வளர்ப்பவர்கள் மீந்த தீவனத்தை அவற்றுக்குப் போட்டுவிடக் கூடாது: எலி தன் உடலிலேயே வைட்டமின் சி உண்டாக்கிக்கொள்ளும், கினிப்பன்றியால் முடியாது, இந்தக் கலவையிலோ அது சேர்க்கப்படவில்லை.