கண்குழி ஸ்கேன்: சி.டி.யா, எம்.ஆர்.ஐ.யா?

கிரேவ்ஸ் தைராய்டு (எதிர்ப்பாற்றல் கோளாறால் தைராய்டு அதிகம் சுரக்கும் நோய்) உள்ளவர்களில் சிலருக்குக் கண் பிதுங்கும், ஒன்று இரண்டாகத் தெரியும். உடலின் எதிர்ப்பாற்றல் தன் திசுக்களையே தாக்குவதால் விழியை அசைக்கும் தசைகளும் சுற்றியுள்ள கொழுப்பும் வீங்கிவிடும். எனக்கு வந்தபோது சி.டி., எம்.ஆர்.ஐ. இரண்டில் எது வேண்டுமானாலும் எடுக்கலாம் என்றார் டாக்டர். எம்.ஆர்.ஐ. எடுத்தேன். இன்றும் அந்தப் பக்கம்தான்.

தசை தடித்திருப்பதை இரண்டுமே காட்டும். பெரும்பாலும் முதலில் கீழ்த்தசை, அடுத்து உட்பக்கத் தசை. நடுப்பகுதி பருத்து, விழியில் ஒட்டும் முனை மெலிந்தே இருந்தால் தைராய்டின் வேலை என்று சந்தேகிப்பார்கள். சி.டி.க்குச் செலவு குறைவு, சில நிமிடத்தில் வெளியே வந்துவிடலாம். சரி.

ஆனால் தடித்த தசையில் அழற்சி இன்னும் இருக்கிறதா, அடங்கித் தழும்பாகிவிட்டதா? சி.டி.யில் இதைப் பிரித்துச் சொல்வது கடினம். எம்.ஆர்.ஐ.யில் 'ஸ்டிர்' என்றொரு படவரிசை உண்டு. கொழுப்பின் வெளிச்சத்தை அமுக்கிவிடும் என்பதால் நீர் கோத்த தசை பளிச்சென்று தெரியும், நார் படிந்த தசை கருத்திருக்கும். மருந்தே இதை வைத்துத்தான். ஸ்டீராய்டு கேட்பது அழற்சி இருக்கும்போதுதான். தழும்பான தசைக்கு ஏற்றினால் சர்க்கரை ஏறுவதுதான் மிச்சம். வலி, சிவப்பு, இமை வீக்கம் பார்த்து டாக்டர்கள் போடும் மதிப்பெண்ணில் 7க்கு 3 வந்தால் அழற்சி இன்னும் இருக்கிறது என்பார்கள். எனக்கு 2. அந்த இரண்டுங்கெட்டான் நிலையில் முடிவெடுக்க வைத்தது பளிச்சென்றிருந்த அந்தத் தசைதான். மறுபடி மறுபடி எடுத்தாலும் கண்ணில் கதிர்வீச்சு படாது என்பது கூடுதல் லாபம்.

எலும்பு பார்க்க சி.டி.தான். கண்குழிச் சுவரை எடுத்து இடம் உண்டாக்கும் அறுவைக்கு முன் சர்ஜன் அதைத்தான் கேட்பார். நான் அதுவரை போகவில்லை, ஆகவே அந்தக் கட்டத்தில் இருப்பவர்கள் என் சாய்வை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். பார்வை நரம்பு நெருக்கப்படுகிறது என்ற அவசரத்திலும் எது உடனே கிடைக்கிறதோ அதுவே நல்லது.

தைராய்டு சரியாக இருந்து, இரண்டு பக்கக் கண்ணீர்ச் சுரப்பியும் வீங்கி, கண்ணுக்குக் கீழே ஓடும் நரம்பு பார்வை நரம்பைவிடத் தடித்திருந்தால் ஐ.ஜி.ஜி.4 நோயை (எதிர்ப்பாற்றல் கோளாறால் உறுப்புகள் வீங்கும் இன்னொரு நோய்) நினைப்பார்கள். லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோயும் அப்படியே வேஷம் போடும் என்பதால் அங்கே எந்த ஸ்கேனும் போதாது, பயாப்ஸி (திசுவைக் கொஞ்சம் எடுத்துச் சோதிப்பது) வேண்டும்.

அப்புறம், எம்.ஆர்.ஐ. என்று முடிவானால் சீட்டில் 'ஆர்பிட், ஸ்டிர், கொரோனல்' என்று எழுதி வாங்குங்கள் (ஆர்பிட் என்றால் கண்குழி, கொரோனல் என்றால் முகத்துக்கு நேராக வெட்டிய படம்). வழக்கமான மூளை எம்.ஆர்.ஐ.யில் இந்தத் தசைகள் சரியாக விழாது.