மூச்சுத் தசைக்குக் கருவியா, வயிற்று மூச்சா?

நுரையீரலுக்குக் கீழே இருந்து மூச்சை இழுக்கும் உதரவிதானமும் ஒரு தசைதான். சுமை கொடுத்தால் வலுப்பெறும். வாயில் வைத்து மூச்சை இழுக்கும் பயிற்சிக் கருவி அந்தச் சுமையைத் தருகிறது. உள்ளே இருக்கும் ஸ்பிரிங் வால்வு, போதிய விசையோடு மூச்சை இழுத்தால்தான் திறக்கும். வழக்கமான பயிற்சி, ஒருவர் முழு பலத்தோடு மூச்சை இழுக்கும்போது உண்டாகும் அழுத்தத்தில் பாதியளவு எதிர்ப்பில் 30 மூச்சு, நாளுக்கு இரண்டு வேளை. கடும் உழைப்பில் மூச்சுத் தசைகள் களைத்தால், கால்களுக்குப் போகும் ரத்தத்தை உடல் குறைத்துவிடுகிறது. அந்தக் களைப்பைத் தள்ளிப்போடுவதால்தான் ஓடுபவர்களுக்கும் துடுப்பு வலிப்பவர்களுக்கும் இது உதவுகிறது. கூடுதல் எதிர்ப்பில் செய்தால் ரத்த அழுத்தமும் இறங்குகிறது: 2021இல் வெளியான கொலராடோ பல்கலைக்கழக ஆய்வில், அழுத்தம் சற்று அதிகமிருந்த 50 வயது தாண்டியவர்களுக்கு 6 வாரத்தில் மேல் அளவு சராசரியாக 9 புள்ளி குறைந்தது.

வயிறு உப்ப ஆழமாக இழுக்கும் வயிற்று மூச்சின் வேலை வேறு. நிமிடத்துக்கு சுமார் 6 முறை மெதுவாக இழுத்துவிட்டால் பதற்றம் தணியும். ஆனால் சுமை இல்லையே, தசை வலு பெரிதாகக் கூடாது. செலவில்லை என்பது நிஜமான நன்மை.

சரி, எதை எடுப்பது? போட்டிக்குத் தயாராகிறவருக்குத் தயங்காமல் கருவியைச் சொல்வேன். மன அமைதிதான் தேவை என்றால் வயிற்று மூச்சே போதும். நுரையீரலில் காற்றுக் கசிவோ செவிப்பறைக் கோளாறோ வந்தவர்கள், மருத்துவரைக் கேட்காமல் கருவியைத் தொடக் கூடாது.