கடலோர வீட்டுக்கு எந்த ஹார்ட் டிஸ்க்?

வீட்டுப் படங்களையும் கல்யாண வீடியோக்களையும் சேர்த்துவைக்க வேண்டும் என்று சென்னை ரிச்சி தெரு மின்னணுக் கடைகளில் கேட்டால், மூன்று வகையை எடுத்துக் காட்டுவார்கள்: மேஜையில் உட்காரும் 3.5 அங்குலப் பெட்டி, சட்டைப் பைக்குள் போகும் 2.5 அங்குல டிஸ்க், அதைவிடச் சிறிய, சில்லுகளில் பதியும் எஸ்எஸ்டி. வடசென்னைக் கடலோரத்துக் காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர்வாசிகள் வேகத்தை விசாரிக்கும் முன் மின்வெட்டையும் உப்புக்காற்றையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

பெரிய பெட்டியில் டெராபைட்டுக்கு ஆகும் செலவு குறைவு. ஆனால் அதற்குத் தனி அடாப்டர் உண்டு. பதிவாகிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் கோப்பு பாழாகலாம். யூபிஎஸ் இல்லாத வீட்டுக்கு இது வேண்டாம்.

2.5 அங்குல டிஸ்க் லேப்டாப்பிலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொள்ளும். மின்வெட்டைப் பற்றிக் கவலையில்லை. குறை வேறு இடத்தில் இருக்கிறது. இவற்றில் பெரும்பாலானவை எஸ்எம்ஆர் வகை. கூரை ஓடுகளைப்போல், தகவல் பதியும் தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருப்பதால், ஒன்றை மாற்றி எழுத அடுத்ததையும் தொட வேண்டும். நூற்றுக்கணக்கான ஜிபியை ஒரே மூச்சில் ஏற்றினால், நொடிக்கு 120 எம்பியில் தொடங்கியது பாதியில் நொண்டும். ஏற்றிவைத்து எப்போதாவது பார்ப்பவருக்கு இது பொருட்டல்ல. கீழே விழுவதுதான் ஆபத்து. விழுந்தபின் 'டிக் டிக்' என்று சத்தம் வந்தால் உடனே கழற்றிவிடுங்கள். திரும்பத் திரும்பச் செருகிப் பார்த்தால் மிச்சமும் போகும்.

எஸ்எஸ்டியில் சுழலும் பாகமே இல்லை. விழுந்தாலும் பெரும்பாலும் தாங்கும், வேகமும் பல மடங்கு. விலையும் அப்படித்தான். ஆனால் மின்சாரமே காட்டாமல் ஆண்டுக்கணக்கில் பீரோவில் பூட்டிவைக்க ஏற்றதல்ல. தகவலைப் பிடித்துவைத்திருக்கும் மின்னேற்றம் மெல்லக் கசியும். தினமும் கையில் கொண்டுபோகிறவர் வாங்கட்டும்.

என் ஓட்டு 2.5 அங்குலத்துக்கு. அதிலும் 4 டெராபைட்டில் ஒன்று வேண்டாம், 2 டெராபைட்டில் இரண்டு. இரண்டிலும் ஒரே சரக்கு. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் எண்ணூர்ப் பக்கம் வெள்ளத்தோடு எண்ணெயும் வீடுகளுக்குள் வந்தது. தரைத்தளத்து மேஜையில் ஒரே டிஸ்க் இருந்திருந்தால் என்ன மிஞ்சியிருக்கும்? ஒன்று, உப்புக்காற்று படாதபடி, சிலிக்கா ஜெல் பையோடு காற்றுப் புகாத டப்பாவில், பரண்மேல். மற்றொன்று வேறு பேட்டையில், மாடியில் குடியிருக்கும் அக்கா வீட்டில்.

வாங்கிய 2 டெராபைட் விண்டோஸில் 1.81 டெராபைட் என்று தெரிந்தால் பதற வேண்டாம், கணக்கிடும் முறை வேறு. அடிமாட்டு விலைக்கு 16 டெராபைட் எஸ்எஸ்டி என்று யாராவது நீட்டினால்தான் பதற வேண்டும்: சின்ன மெமரி கார்டை உள்ளே வைத்துப் பொய்க் கொள்ளளவு காட்டும் சரக்கு அது.