உதகைத் தெருக்கள், அன்றும் இன்றும்: ஒரு படப்பெட்டியும் அதைச் செய்த ஸ்டுடியோவும்

உதகையில் கமர்ஷியல் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில், பாஸ்போர்ட் படமும் கல்யாண ஆல்பமும் செய்துவந்த ஒரு சிறிய ஸ்டுடியோ, ஊரின் பழைய தெருப்படங்களையும் அதே இடங்களில் இப்போது எடுத்த படங்களையும் இணை இணையாக அச்சிட்டு விற்கத் தொடங்கியிருக்கிறது. கெட்டியான அட்டைப்பெட்டிக்குள் இருபது இணைகள், விலை 900 ரூபாய். புத்தகமாகத் தைக்காமல் தனித்தனி அட்டைகளாகவே விட்டிருப்பதால், வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டு அந்தத் தெருவுக்கே போய் நின்று ஒப்பிட முடிகிறது. வர்க்கியும் தைலமும் சாக்லேட்டும்தான் நினைவுப்பொருள் என்றாகிவிட்ட ஊரில் இப்படி ஒன்றைச் செய்யத் துணிந்ததற்காக அவர்களைப் பாராட்ட வேண்டும். ஆனால் பாராட்டியதோடு நிறுத்திக்கொள்ள முடியாத அளவுக்குப் பெட்டிக்குள் நல்லதும் அல்லாததும் கலந்து கிடக்கின்றன.

இவ்வகைப் படங்களுக்கு உரைகல் ஒன்றே ஒன்றுதான்: அன்றைய கேமரா நின்ற இடத்தில் இன்றைய கேமராவும் நின்றிருக்க வேண்டும். அருகிலுள்ள கூரையின் விளிம்பு தொலைவிலுள்ள கோபுரத்தையோ மலைமுகட்டையோ எந்த இடத்தில் மறைக்கிறது என்பது நாம் நிற்கும் இடத்தைப் பொறுத்தது. லென்ஸை மாற்றினால் படத்துக்குள் அடங்கும் பரப்பு கூடும் அல்லது குறையும், அந்த மறைப்பு மாறாது. இரண்டு அட்டைகளையும் அருகருகே வைத்து, இப்படி ஒன்றையொன்று வெட்டும் இரண்டு மூன்று கோடுகளைத் தேடினாலே படமெடுத்தவர் உழைத்தாரா, ஒப்பேற்றினாரா என்பது தெரிந்துவிடும்.

புனித ஸ்டீபன் தேவாலயத்தின் இணை இந்தச் சோதனையில் தேறிவிடுகிறது. 1829இல் அடிக்கல் நாட்டி அடுத்த ஆண்டே அர்ச்சிக்கப்பட்ட அந்தக் கட்டடத்தின் வெளித்தோற்றம் பெரிதாக மாறாததால், அதைப் பொருத்துவது கடினமான வேலையும் இல்லை. கடினமான வேலை கமர்ஷியல் சாலையில் இருந்தது, அங்கேதான் கோட்டைவிட்டிருக்கிறார்கள். பழைய படத்தை எடுத்தவர் சாலையின் நடுவே நின்றிருக்கிறார். இப்போது எடுத்தவரோ வண்டிகளுக்குப் பயந்து நடைபாதைக்கு ஒதுங்கி, செல்போனின் அகலக் கோணத்தில் எடுத்திருக்கிறார் என்பது ஓரங்களில் இழுபட்டுக் கிடக்கும் கடைப்பலகைகளைப் பார்த்தாலே விளங்குகிறது. பழைய படத்தில் கடைவரிசைக்கு மேலே எழுந்து நிற்கும் மலை, புதிய படத்தில் ஒரு டீக்கடைப் பலகைக்குப் பின்னால் ஒடுங்கிப்போயிருக்கிறது. மலையைக் கட்டடங்கள் மறைத்துவிட்டன என்றுதான் பார்ப்பவர் எண்ணுவார். உண்மையில் பாதியைக் கட்டடங்கள் மறைத்தன, மீதியைக் கேமரா மறைத்தது. விடியற்காலையில் போயிருந்தால் அந்தச் சாலையின் நடுவே பாய் விரித்துப் படுக்கவே இடமிருந்திருக்கும்.

பெட்டிக்குக் கொடுத்த விலைக்கு ஈடாக நிற்பது ஏரியின் இணை. 1820களில் கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் உருவாக்கிய ஏரி, இப்போது படகு விடும் ஏரியைக் காட்டிலும் பெரியது. பேருந்து நிலையமும் குதிரைப் பந்தயத் திடலும் பின்னாளில் ஏரியிலிருந்து எடுத்துக்கொண்ட நிலத்தில் அமைந்தவை. இதை வாயால் சொன்னால் கேட்பவர் தலையாட்டிவிட்டுப் போவார். சரிவின் மேலிருந்து எடுத்த பழைய படத்தில் தண்ணீர் வளைந்து உள்ளே வருகிறது, கரையோரம் ஒரு வண்டிப்பாதை, பாதைக்கு மேலே ஓர் ஓட்டுவீடு. புதிய படத்தில் அந்த வீட்டின் முகப்புச் சுவர் மட்டும் நீலநிறத் தகரக் கூரைக்கு அடியில் பிழைத்திருக்க, தண்ணீர் வளைந்த அதே கோட்டில் பேருந்துகள் வரிசையாக நிற்கின்றன. இங்கே கேமரா நின்ற இடம் துல்லியமாகப் பொருந்தியிருப்பதால்தான் கரையின் வளைவும் பேருந்துகளின் வளைவும் ஒன்றின்மேல் ஒன்று படிகின்றன. பெருமழை பெய்தால் அந்தத் தாழ்வான பகுதியில் தண்ணீர் ஏன் வந்து நிற்கிறது என்று யாரும் தனியாக விளக்க வேண்டியதில்லை.

படங்கள் சொல்வதை அட்டையின் பின்புறக் குறிப்புகள் கெடுத்துவிடுகின்றன. உதகை ரயில் நிலையத்தின் படத்துக்கு 1895 என்று ஆண்டு போட்டிருக்கிறார்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரைக்குமே ரயில் வந்தது 1899இல்தான், உதகைக்கு வந்தது 1908இல். வேறு பல அட்டைகளில் ‘பத்தொன்பதாம் நூற்றாண்டு’ என்பதற்கு மேல் ஒரு சொல் இல்லை. 1869இல் நீலகிரிக்கு வந்த சாமுவேல் போர்ன், உதகையிலேயே ஸ்டுடியோ வைத்திருந்த ஆல்பர்ட் பென், சென்னையிலிருந்து தொழில் நடத்திய நிக்கோலஸ் சகோதரர்கள் என்று இந்த மலையைப் படமெடுத்தவர்களின் பெயர்கள் நமக்குத் தெரியும். போர்னின் படங்களில் கீழ் ஓரத்தில் பெயரும் எண்ணும் இருப்பது வழக்கம் என்னும்போது, எல்லாப் படங்களையும் ஒரே அளவுக்கு வெட்டி அந்த ஓரத்தையே இழந்திருப்பது வருத்தத்துக்குரியது.

இன்னொரு குறிப்பு, கடைத்தெருவின் மிகப் பழைய படத்துக்கு ‘ஆள் அரவமற்ற அமைதியான உதகை’ என்று பெயர் சூட்டுகிறது. அந்தக் காலத்து ஈரத்தட்டு முறையில் கண்ணாடித் தட்டில் ரசாயனத்தைப் பூசி, ஈரம் காயுமுன் படமெடுத்து, அங்கேயே கூடாரத்துக்குள் கழுவியாக வேண்டும். ஒளி விழும் நேரமும் நொடிக்கணக்கில் நீளும். நடந்து போனவர்கள் தட்டில் தெளிவாகப் பதிவதே இல்லை. அட்டையை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால், திண்ணையில் சாய்ந்து உட்கார்ந்திருக்கும் ஒருவரின் தலைப்பாகை மடிப்புவரை தெளிவாகத் தெரிகிறது. அவருக்கு முன்னால் தெருவெங்கும் புகைபோல மங்கலான கறைகள். அந்தக் கறைகள் அத்தனையும் மனிதர்கள். தெரு நெரிசலாகவே இருந்திருக்கிறது.

‘பசுமை போர்த்திய பழைய மலைகள்’ என்ற குறிப்பு அதைவிடத் தவறாக வழிநடத்துகிறது. படத்தில் இருப்பவை ஏறத்தாழ மொட்டையான புல்மேடுகள், மடிப்புகளில் மட்டும் கறுத்துத் தெரியும் சோலைகள். நீலகிரியின் இயல்பே அது. 1843இல் முதன்முதலாக இங்கே வந்த யூக்கலிப்டஸும், அதன்பின் பரவிய சீகை மரங்களும் விறகுக்காகவும் பட்டைக்காகவும் நடப்பட்டவை. இணையைப் பார்த்தால் மரங்கள் கூடியிருப்பதும் புல்வெளி போயிருப்பதும் கண்கூடு. குறிப்பு எழுதியவர் தலைகீழாகப் புலம்புகிறார்.

பெட்டியைவிட எனக்கு மனநிறைவு தந்தது இவர்களின் இன்னொரு சேவைதான். நம் வீட்டுப் பழைய படத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தால், அதே இடத்தில் அதே கோணத்தில் எடுத்து இணையாகச் சட்டமிட்டுத் தருகிறார்கள். கட்டணம் 2,500 ரூபாய். 1881இல் உதகையிலேயே காலமான சென்னை ஆளுநர் வில்லியம் பேட்ரிக் ஆடமின் நினைவாக எழுப்பிய சேரிங்கிராஸ் நீரூற்றின் முன்னால், என் சித்தப்பாவும் சித்தியும் 1970களில் நின்று எடுத்துக்கொண்ட படத்தைக் கொடுத்தேன். ஸ்டுடியோவை நடத்தும் அம்மையார் அதைப் பூதக்கண்ணாடியில் நெடுநேரம் பார்த்துவிட்டு, “சார், அந்தம்மா நிழல் எங்க விழுதுன்னு பாருங்க, இது தை மாசத்துக் காலை வெயில். இப்ப எடுத்தா பொருந்தாதுங்க, கொஞ்சம் பொறுத்துக்கங்க” என்றார். மாதக்கணக்கில் காத்திருக்க நேர்ந்தது. அதற்காக எனக்குக் குறையில்லை. பழைய படத்தின் கோடுகளை ட்ரேசிங் தாளில் வரைந்து கேமராவின் திரைமேல் ஒட்டிக்கொண்டு, நீரூற்றுத் தட்டின் விளிம்பு பின்னாலுள்ள கட்டடத்தோடு சேரும்வரை அங்குலம் அங்குலமாக நகர்ந்தார். முக்காலியை இடுப்புயரத்துக்கு இறக்கினார். இடுப்பளவில் பிடித்து மேலிருந்து குனிந்து பார்க்கும் இரட்டை லென்ஸ் கேமராவில் எடுத்த படம் என்பதைக் கோணத்தை வைத்தே கண்டுகொண்டிருந்தார். இந்தக் கண்ணும் பொறுமையும் உள்ள ஸ்டுடியோவிலிருந்தா அந்தக் கமர்ஷியல் சாலைப் படம் வந்தது என்ற வியப்பு எனக்கு இன்னும் தீரவில்லை.

கூடுதலாக 400 ரூபாய் கொடுத்தால் கறுப்பு வெள்ளைப் படத்துக்குக் கணினியில் வண்ணம் ஏற்றித் தருவதாகச் சொல்வார்கள். வேண்டாம் என்று சொல்லிவிடுவது நல்லது. பழைய தட்டுகள் நீல ஒளியை வெளுப்பாகவும் சிவப்பைக் கறுப்பாகவும் பதிவுசெய்பவை என்பதால், சாம்பல் நிறத்தை மட்டும் வைத்து ஓடு எது, தகரம் எது என்று மென்பொருள் ஊகிப்பது பெரும்பாலும் பொய்த்துப்போகிறது. சட்டத்தின் பின்னட்டையும் மட்டமானது; உதகையின் ஈரத்துக்கு ஒரே மழைக்காலத்தில் பூஞ்சை பிடித்துவிட்டதால், நானே அமிலமில்லாத அட்டை வாங்கி மாற்றிக்கொண்டேன். படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பினாலும் வாங்கிக்கொள்கிறார்கள், ஆனால் நிழலையும் கூரை விளிம்பையும் கணிக்கும் அளவுக்கு அதில் விவரம் தங்குவதில்லை. மூலப்படத்தையே கையோடு எடுத்துப்போனால், நம் கண்முன்னே ஸ்கேன் செய்துவிட்டு உடனே திருப்பித் தந்துவிடுகிறார்கள்.